206 எலும்புகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா, டாக்டர்?

கரூர்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். வயது 39. தமிழ்வழியில் பிளஸ் டூ, பிறகு பி.காம். ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறார். மாமனாருக்கு 67 வயது. 12 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது மருமகள்தான். டாக்டர் சொல்வதில் பாதி புரிவதில்லை, திரும்பக் கேட்கவும் கூச்சம். "ஒரு ரூபாய் இடித்தாலும் கணக்கை மூடாமல் தூங்கப் போகாதவள் நான். மாமாவின் ரிப்போர்ட்டை மட்டும் என்னவென்று தெரியாமலே ஃபைலில் செருகி வைக்கிறேன். அது அவமானமாக இருக்கிறது" என்கிறார்.

அதனால் உடம்பைப் பற்றித் தானே படித்துவிடுவது என்று முடிவெடுத்து, உக்கடம் பழைய புத்தகக் கடையில் தடிமனான ஆங்கில உடற்கூறியல் புத்தகம் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். எலும்பிலிருந்து ஆரம்பித்து, மூன்று மாதத்தில் மணிக்கட்டுவரை வந்து, அங்கே நின்றுவிட்டார். பிறகு வீடியோக்கள். "நீட் எழுதப் போறியாம்மா?" என்று ஒன்பதாவது படிக்கும் மகள் சிரிக்கிறாளாம்.

அவர் முக்கியமாகக் கேட்பவை மூன்று. ஆங்கிலமும் அறிவியலும் தெரியாதவள் இதைப் படிக்க முடியுமா, எங்கே தொடங்குவது? பக்கத்து ஊரில் 35,000 ரூபாய்க்கு ஆறு மாத டிப்ளமோ நடக்கிறது, முடித்தால் கிளினிக்கே வைக்கலாம் என்கிறார்கள், சேரலாமா? மூன்றாவதைக் கடிதத்தின் ஓரத்தில், பேனா மை மாறிய இடத்தில் எழுதியிருக்கிறார். மாமனாருக்குப் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு; ரத்தத்தில் அது ஏறினால் வடிப்பது குறைந்தது என்று பொருள்) 1.3-லிருந்து 1.5 ஆகியிருந்தது. "பிரஷர் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும்" என்று ஒரு வீடியோ சொன்னது. இவர் ஐந்து நாளாக அந்த மாத்திரையைக் கொடுக்கவில்லை. "செய்தது சரிதானே டாக்டர்?"

சகோதரி, ஓரத்தில் எழுதியதற்கே முதலில் பதில் சொல்கிறேன். சரியில்லை. உங்கள் மேல் கோபமில்லை, அக்கறையில்தான் செய்தீர்கள். ஆனால் இதைப் படித்த கையோடு அந்த டாக்டருக்குப் போன் போட்டு, ஐந்து நாள் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். அவரைக் கேட்டு ஆரம்பியுங்கள்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீங்கள் படிக்க ஆசைப்படும் பாடத்துக்கு இதைவிட நல்ல முதல் பக்கம் கிடைக்காது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் நூல்கண்டு போலச் சுருண்ட மெல்லிய ரத்தக் குழாய்களின் முடிச்சு. உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறதே, அதேபோல வெளியே போகும் குழாய் இறுகினால் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறும். சர்க்கரை நோயில் இந்த அழுத்தம் வருடக்கணக்கில் கூடுதலாக இருந்து வடிகட்டியைக் கெடுக்கிறது. சல்லடை தளர்ந்து, போகக்கூடாத புரதம் சிறுநீரில் போகிறது.

மாமனாருக்குக் கொடுத்த மாத்திரையின் பெயர் 'சார்டான்' என்று முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகை மாத்திரை வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. உள்ளழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் அளவும் கொஞ்சம் இறங்கும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். டாக்டர்கள் எதிர்பார்க்கும் ஏற்றம்தான் இது. பொதுவாக 30 சதவீதம்வரை ஏறினால், மற்றவை சரியாக இருக்கும்பட்சத்தில், மாத்திரையைத் தொடர்வார்கள். 1.3-க்கு 1.5 எவ்வளவு சதவீதம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் சேதம் என்று நினைத்தது, வடிகட்டிக்குக் கிடைத்த ஓய்வின் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'வாய்ப்பு' என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அவரைப் பார்க்கவில்லை. பொட்டாசியம் அளவு தெரிய வேண்டும், அடுத்த கிரியேட்டினின் தெரிய வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பில் நீர் வற்றும்போது இதே மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வதும் உண்டு. அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீடியோக்காரர் சொன்னது முழுப் பொய்யில்லை, பாதிக் கதை. உடம்பு விஷயத்தில் முழுப் பொய்யைவிடப் பாதிக் கதையால்தான் அதிகம் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நாற்காலியை எண்ணித் தொடங்காதீர்கள்

புதிய கம்பெனி ஒன்றின் கணக்கு உங்கள் கைக்கு வருகிறது. மேசை நாற்காலிகளை எண்ணியா ஆரம்பிப்பீர்கள்? பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது என்றுதானே பார்ப்பீர்கள்? உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் உடற்கூறியல் சொத்துப் பட்டியல், அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் உடலியங்கியல் பணப்புழக்கம். மருத்துவக் கல்லூரியில் இரண்டையும் ஒரே ஆண்டில் திணிப்பார்கள், பரீட்சை இருப்பதால் நாங்களும் விழுங்கினோம். உங்களுக்குப் பரீட்சை கிடையாது. அது எவ்வளவு பெரிய வசதி என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

மணிக்கட்டில் மாட்டிக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களின் உடம்பிலுள்ள 206 எலும்புகளில் 106 இரண்டு கைகளின் நுனியிலும் இரண்டு பாதங்களிலுமே இருக்கின்றன. கைக்கு 27, பாதத்துக்கு 26. மணிக்கட்டில் மட்டும் எட்டுக் குட்டி எலும்புகள். எலும்பு முறிவு பார்க்கும் டாக்டருக்கு அவை வேண்டும். மாமனாரின் ஃபைலைப் படிக்க உங்களுக்கு அவற்றில் ஒன்றின் பெயரும் வேண்டாம்.

என் கதை ஒன்று. முதலாண்டு வாய்மொழித் தேர்வில், இதயத் துடிப்பு நெஞ்சில் எங்கே தட்டுப்படும் என்று கேட்டார்கள். "ஐந்தாம் விலா இடைவெளி, இடது காறையெலும்பின் நடுக்கோட்டுக்குச் சற்று உள்ளே" என்று கிளிப்பிள்ளையாக ஒப்பித்தேன். "சபாஷ். உன் நெஞ்சில் காட்டு" என்றார் பரீட்சகர். என் விரல் மூன்றாம் இடைவெளியில் போய் நின்றது. பிறகு முப்பது வருடம் உடலியங்கியல் கற்பித்தேன், முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்க விட்டதே இல்லை. தொண்டைக் குழியிலிருந்து மார்பெலும்பு வழியே விரலை இறக்குங்கள், சுமார் இரண்டு அங்குலத்தில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாம் விலா. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஐந்தாம் இடைவெளியை இருட்டிலும் கண்டுபிடிக்கலாம்.

ஆக, உறுப்பு வாரியாகப் போகாமல் கேள்வி வாரியாகப் போங்கள். மாமனாருக்குச் சாயங்காலமானால் கால் வீங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் வீங்குகிறது? இந்த ஒரு கேள்வி போதும், ஒரு மாதம் ஓடும். ரத்தத்தின் நீர்ப்பகுதியை நுண்குழாயிலிருந்து வெளியே தள்ளுவது அழுத்தம். அதை உள்ளே இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அல்புமின் என்ற புரதத்துக்கு. அந்த அல்புமினைச் செய்வது ஈரல், சிறுநீரில் ஒழுக விடுவது கெட்டுப்போன சிறுநீரகம். இதயம் தளர்ந்தால் ரத்தம் பின்னால் தேங்கி அழுத்தம் ஏறும், அப்போதும் கால் வீங்கும். இதில் எதுவும் இல்லாமல், அம்லோடிபின் என்ற சாதாரண பிரஷர் மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பாருங்கள், ஈரல், சிறுநீரகம், இதயம், மருந்து நான்கும் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன. இவற்றில் மாமனாருக்கு எது என்று முடிவு கட்டும் வேலையை மட்டும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

ஆங்கிலம் தடையா?

1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். அதற்காகப் பாடநூல்களைத் தமிழாக்கினார். உடற்கூறியலுக்கு அவர் வழங்கிய சொல் 'அங்காதிபாதம்', உடலியங்கியலுக்கு 'சுகரணம்'. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் நடந்த படிப்பு இது. தமிழ்வழியில் படித்ததைக் குறையாகச் சொல்லாதீர்கள்.

உங்களுக்கேற்ற புத்தகம் உங்கள் தெருவிலேயே ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூல், தமிழ்வழிப் பதிப்பு. செரிமானம், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, ஹார்மோன் என்று மனித உடலியங்கியலின் எலும்புக்கூடே அதில் இருக்கிறது. இணையத்திலும் இலவசம். வாங்கிய தடிப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், படம் பார்க்க அகராதி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடம் முடிந்த பின் ஆங்கிலத்தில் போக விரும்பினால், ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமைப்பு வெளியிட்டிருக்கும் உடற்கூறியல் உடலியங்கியல் நூல் 28 அத்தியாயங்களோடு இலவசமாகவே கிடைக்கிறது. வரிசையாகப் படிக்காதீர்கள். சிறுநீர் மண்டலத்தை முதலில் திறங்கள்.

மருத்துவச் சொற்கள் ஆங்கிலமே இல்லை, பெரும்பாலும் கிரேக்கமும் லத்தீனும். ஆங்கிலேயனுக்கும் அவை மனப்பாடம்தான். 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஹெப்பாட்' ஈரல், 'கார்டியோ' இதயம். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எமியா' என்று முடிந்தால் ரத்தம் சம்பந்தப்பட்டது. 'ஹைப்பர்' கூடுதல், 'ஹைப்போ' குறைவு. இப்போது 'ஹைப்பர்கலீமியா' என்று ரிப்போர்ட்டில் வந்தால் முன்னும் பின்னும் உங்களுக்கே தெரியும். நடுவில் இருக்கும் 'கலி' பொட்டாசியம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி எழுபது எண்பது துண்டுகள் கைவசம் இருந்தால் ஃபைலில் முக்கால்வாசி படிந்துவிடும்.

கறிக்கடையில் ஒரு வகுப்பு

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அடுத்த வாரம் ஓர் ஆட்டு இதயம் வாங்குங்கள். துண்டு போடாமல், மேலே இருக்கும் குழாய்களையும் ஒட்ட நறுக்காமல் முழுசாகக் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வெட்டும் முன், நடுவில் இருந்து கிளம்பும் தடித்த வெள்ளைக் குழாயில், அதுதான் மகாதமனி, தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளேயிருக்கும் ரத்தக் கட்டிகளைக் கழுவி எடுத்திருந்தால், மூன்று சட்டைப்பை போன்ற கதவுகள் நீர் நிரம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். லப் டப் சத்தத்தில் 'டப்' என்பது இந்த மாதிரிக் கதவுகள் மூடும்போது வருவது. அந்தப் பைகளுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் இருக்கும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் கிளம்பும் வாய்கள் அவை. ஆஞ்சியோ செய்பவர் மெல்லிய குழாயைக் கொண்டுபோய் நிறுத்துவது மனித இதயத்தின் அதே வாயில்தான்.

இப்போது நீளவாக்கில் வெட்டுங்கள். இடது கீழறைச் சுவர் வலதைவிட மூன்று மடங்கு போலத் தடித்திருக்கும். வலது அறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். இடது அறை தலையிலிருந்து கால்வரை தள்ள வேண்டும். மாமனாரின் எக்கோ ரிப்போர்ட்டில் 'எல்.வி.எச்' என்று இருப்பதாக எழுதியிருந்தீர்களே, பல வருடப் பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அந்தச் சுவர் இன்னும் தடித்துப்போனது என்று அர்த்தம். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கதவுகளைப் பிடித்திருக்கும் வெள்ளை நூல்களை நகத்தால் நிமிண்டிப் பாருங்கள், அறுபடாது. மகளைப் பக்கத்தில் டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள், அதற்கப்புறம் சிரிக்கமாட்டாள். பார்த்து முடித்ததைக் கழுவிக் குழம்பில் போடத் தடையில்லை.

அடுத்த வாரம் சிறுநீரகம், பாட்டிமார் குண்டிக்காய் என்பார்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வெளியே ஒரு பட்டை, உள்ளே வேறு நிறம், நடுவில் குழாய் தொடங்கும் குழி. ஒரே எச்சரிக்கை: ஆட்டுக்கு உள்ளே ஒரே மேடாக இருக்கும், நமக்குத் தனித்தனிக் கூம்புகள் பல. படத்தோடு ஒத்துவரவில்லை என்று குழம்ப வேண்டாம். கையிலிருப்பதைப் பார்த்துக்கொண்டே இந்தக் கணக்கைப் போடுங்கள். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்கு. அவை ஒரு நாளில் வடிப்பது சுமார் 180 லிட்டர், அதாவது ஒன்பது வாட்டர் கேன். வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மீதி முழுவதும் திரும்ப வரவு வைக்கப்படுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான வரவு செலவு வேறெங்கும் நடப்பதில்லை.

செத்த உறுப்பைவிட உங்கள் உடம்பே நல்ல பாடம். படுத்திருக்கும்போது நாடியை எண்ணுங்கள், எழுந்து நின்றதும் எண்ணுங்கள். மூச்சை மெதுவாக இழுக்கையில் நாடி லேசாக வேகமெடுப்பதும் விடுகையில் தணிவதும் சிலருக்கு விரலிலேயே தெரியும். கழுத்தில் பார்ப்பதானால் ஒரு பக்கம் மட்டும், இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்தக்கூடாது. இரவில் கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் இருபது நிமிடம் படித்தால், மீதி இருபதில் புத்தகத்தை மூடிவிட்டு வரையுங்கள். கோணல் மாணலாக இருக்கட்டும். எங்கே பென்சில் நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை.

'அசுத்த ரத்தம்'

தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம் என்று பள்ளியில் படித்தீர்கள். நுரையீரல் தமனியில் மட்டும் ஏன் அசுத்தம் என்று கேட்கிறீர்கள். அந்தச் சொற்களே தவறு. இதயத்தை விட்டுப் போகும் குழாய் தமனி, இதயத்துக்கு வரும் குழாய் சிரை, அவ்வளவே. உள்ளே ஆக்ஸிஜன் எவ்வளவு என்பது வேறு கணக்கு. படத்தில் நீலம் அடித்திருப்பது நம் வசதிக்காக. ரத்தம் எங்கேயும் நீலமில்லை, சிரையில் இருப்பது கருஞ்சிவப்பு. இன்னொன்று, படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது உங்கள் இடதுகைப் பக்கம். இதை மறந்து, உடம்பின் வலப்பக்கம் இருக்கும் ஈரலைப் படத்தில் தன் வலதுகைப் பக்கம் தேடாத புதுமாணவர் கிடையாது.

அந்த டிப்ளமோ

வேண்டாம். ஆறு மாதத்தில் கிளினிக் வைக்கலாம் என்று சொல்பவர் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடுகிறார். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவின்படி, பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டுவரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பது உங்களைக் காப்பாற்றாது. சுகாதாரத் துறையில் வேலைக்குப் போகும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் அது வேறு பாதை. எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, எந்தக் கவுன்சிலில் பதிவு என்று எழுத்தில் கேளுங்கள். பல படிப்புகளுக்குப் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு கேட்பார்கள், அதையும் முதலிலேயே விசாரியுங்கள். ஆனால் உங்கள் நான்கு பக்கத்தில் வேலை என்ற பேச்சே எங்கும் இல்லை. ஃபைல் புரிய வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் எதற்கு?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். கிரியேட்டினினைக் கொண்டு கணக்கிட்ட வடிகட்டும் அளவு எவ்வளவு, போன வருடம் எவ்வளவு இருந்தது? பொட்டாசியம் எவ்வளவு? சிறுநீரில் அல்புமின் போகிறதா? கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். தசை குறைந்த வயதானவர்களுக்கு அது குறைவாகவே காட்டும். வடிகட்டும் திறன் பாதியளவு குறையும்வரைகூட அது எல்லைக்குள்ளேயே இருக்கலாம். பதில்களைத் தேதி போட்டு ஒரு பேரேட்டில் வரிசையாக எழுதிவாருங்கள். அதை உங்களைவிடச் சுத்தமாகச் செய்யும் மருமகள் அந்த ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டார். முதல் வரியில் அந்த ஐந்து நாளை எழுதுங்கள்.